துண்டறிக்கை போதாது

இவ்வாண்டு மலருக்குச் ‘சங்க இலக்கியத்தில் பெண்மை’ என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் என்னைக் கேட்டனர். ஆண்டுதோறும் அத்தகைய கட்டுரை ஒன்று நம் மலரில் இடம்பெறுவது மரபு. அதைப் பெண் ஒருத்தி எழுதுவதும் மரபு. விலங்கியல் பயிலும் என்னை அதற்குத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களிடம் சொல்லிவிட்டே வேறு பொருளை எடுத்துக்கொண்டேன். பாலியல் வன்கொடுமை நிகழாமல் தடுக்கக் கல்வியால் ஆவது உண்டா? உண்டெனில் அக்கல்வி எப்படிப்பட்டதாக இருத்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் இன்று ஓரளவு தெளிவான விடை கிடைத்திருக்கிறது. அவ்விடை நம் பல்கலைக் கழகத்துக்கும் எட்டவில்லை; நம் சங்கத்துக்கும் எட்டவில்லை.

இங்கே நடப்பது என்ன? புதிய மாணாக்கர் வந்து சேரும் முதல் வாரத்தில் மாணவியரை ஒரு மண்டபத்தில் அமர்த்துகின்றனர். ஒரு மணி நேரச் சொற்பொழிவு. பாதி இந்தி, பாதி ஆங்கிலம். இருட்டிய பின் தனியே போகாதீர்கள். முன்பின் அறியாதவர் வண்டியில் ஏறாதீர்கள். கைப்பையில் பெப்பர் ஸ்பிரே இருக்கட்டும். 112, 181 ஆகிய எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முடிவில் வழவழப்பான தாளில் வண்ணத் துண்டறிக்கை ஒன்று தருவார்கள். வெளியே வந்ததும் பாதிப் பேர் அதனால் விசிறிக்கொள்வார்கள். (தில்லியின் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் அது ஒரு பயன்தான்.) அதே நேரத்தில் மாணவர்களுக்கு வேறு மண்டபத்தில் ராகிங் பற்றி அரை மணி பேசி அனுப்பிவிடுகின்றனர். ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவளுக்கு அறிவுரை, அதை விளைவிக்கக்கூடியவனுக்கு ஓய்வு என்பதே ஏற்பாடு. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைக் கையாள்பவனுக்குப் பயிற்சி தராமல், பக்கத்து மேசைக்காரியிடம் மட்டும் ‘தள்ளி நில்’ என்று சொல்லி அமைவது உண்டா?

அந்த அறிவுரையாவது உண்மைக்குப் பொருந்தியதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் இந்நாட்டில் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,677. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அப்பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன். உறவினன், அண்டை வீட்டான், நண்பன், வேலை கொடுப்பவன், மணந்துகொள்வதாகச் சொன்னவன். இவை பதிவானவை மட்டுமே. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானதாகக் கூறிய பெண்களில் 77 விழுக்காட்டினர் எவரிடமும் உதவி கேட்டதில்லை, எவரிடமும் சொன்னதும் இல்லை என்று தெரியவந்தது.

2012 டிசம்பர் 16 அன்று இந்நகரில் ஓடும் பேருந்தில் நடந்ததும், 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி ஒன்றனுள்ளே பயிற்சி மருத்துவர் ஒருவருக்கு நேர்ந்ததும் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்துள்ளன. பதிய வேண்டியவையே. ஆயினும் அவற்றை மட்டும் மனத்தில் வைத்துப் பாடம் வகுத்தால், இருட்டையும் அந்நியனையும் அஞ்சக் கற்றுக்கொள்வோம். விளக்கொளியில் சிரித்துப் பேசும் தெரிந்தவனைப் பற்றி ஒன்றும் கற்க மாட்டோம்.

நம் போன்ற வெளியூர்த் தமிழ் மாணவியருக்கு அந்தத் ‘தெரிந்தவர்’ யார்? தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது, மொழி புரியாத கூட்டத்தின் நடுவே நம் பெயரைச் சொல்லி அழைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொள்ளும் சங்கத்து அண்ணன். இந்தியில் உள்ள படிவத்தை நிரப்பித் தருபவர் அவர். நல்ல இட்லி மாவு எங்கே கிடைக்கும் என்று சொல்பவர் அவர். காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கி வருபவரும் அவரே. இந்த அன்பு போற்றத்தக்கது. நானும் அதைப் பெற்றவள்தான். அண்ணன்மாரையெல்லாம் ஐயுற வேண்டும் என்று நான் எழுத வரவில்லை. ஆயிரத்தைந்நூறு கல் தொலைவில் தாய்மொழி பேசும் வட்டம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்போது, அதில் ஒருவன் நம்பிக்கையைக் கெடுத்தால், கெடுக்கப்பட்டவள் போய் நிற்பதற்கு வேறு வட்டம் இராது. இதைத்தான் சொல்ல வந்தேன்.

வேறோர் ஊரில், வேறொரு பல்கலைக் கழகத்தில் பயிலும் பெண் ஒருத்தி. பள்ளியில் எனக்கு இளையவள். அவளுடைய ஒப்புதலைப் பெற்று, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். அங்கும் ஒரு தமிழ்ச் சங்கம். அங்கும் நாடக ஒத்திகை. ஒத்திகை முடிய இரவு பத்து மணி. மூத்த மாணவன் ஒருவன் விடுதியில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி, வழியில் தன் அறையில் எதையோ மறந்துவிட்டதாகக் கூறி அழைத்துச் சென்றான். மூன்று வாரம் கழித்து அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். புகாரை எங்கே கொடுப்பது என்று அவள் கேட்கவில்லை. பணமோ மருந்தோ கேட்கவில்லை. “அக்கா, நான் கத்தவே இல்லை. அவர் நல்லவர்தான், என்னை ஸ்டேஷனில் வந்து அழைத்துப்போனவர். அப்படியிருக்க, இது… அதுதானா?” என்று கேட்டாள்.

அவளும் துண்டறிக்கை வாங்கியவள்தான். அதில் எண்கள் இருந்தன; சட்டப் பிரிவுகள் இருந்தன; அவளுக்கு நேர்ந்தது இன்னது என்று அவளே தெரிந்துகொள்ளத்தக்க ஒரு சொற்றொடர் அதில் இல்லை. தமிழில் நிச்சயமாக இல்லை.

இங்கே நம் மொழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் வழங்கிய சொல் ‘கற்பழிப்பு’. அச்சொல்லில் குற்றம் செய்தவன் இல்லை. அவளிடமிருந்து ஏதோ அழிந்துபோயிற்று என்ற செய்தி மட்டும் இருக்கிறது. ஊர்ப்பேச்சில் ‘கெட்டுப்போனாள்’ என்பார்கள். கெடுத்தவன் அங்கும் எழுவாயாக வருவதில்லை. தெருவில் நடக்கும் தொல்லைக்கு ‘ஈவ் டீசிங்’ என்று விளையாட்டுப் பெயர் ஒன்றை இந்திய ஆங்கிலம் கொடுத்தது. சென்னையில் கல்லூரி மாணவி ஒருத்தி அத்தொல்லையால் உயிரிழந்த பின் 1998இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டமே முதலில் அப்பெயரைத்தான் தாங்கி வந்தது. உயிரைக் கொண்டுபோன செயலுக்குப் பெயர் கேலி! இவற்றுக்கு மாறாகப் ‘பாலியல் வல்லுறவு’, ‘பாலியல் சீண்டல்’ என்னும் சொற்கள் இப்போது அச்சில் நன்றாகவே வழங்குகின்றன. ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணும் பையனும் வாய்விட்டு அவற்றைச் சொல்லிப் பழகிய இடம் எது? வீட்டில் இல்லை. பள்ளியில் உண்டா என்றால், வளரிளம் பருவக் கல்வித் திட்டம் வந்தபோது, 2007ஆம் ஆண்டளவில் மகாராட்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று அதை நிறுத்தி வைத்தன. சொல் இல்லாத இடத்தில் புகார் எப்படிப் பிறக்கும்?

இன்னொன்று, ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்ற பழமொழி. பெண் பார்க்கும் படலத்தில் தொடங்கித் திரைப்படக் காதல் வரை நாம் இதைக் கையாளாத இடமில்லை. விலங்கியல் மாணவியாகிய எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கோழி நினைவுக்கு வரும். கோழியை மல்லாத்திச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துக் கையை எடுத்தால் அது ஓடுவதில்லை. கண் திறந்தபடியே அசையாமல் கிடக்கும். தப்ப வழியில்லாதபோது உடல் தானாக உறைந்துபோகும் நிலை இது. முயலிலும், சுறாவிலும், எத்தனையோ உயிர்களிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். மனிதரிலும் உண்டு. ஸ்டாக்ஹோம் நகரில் பாலியல் வல்லுறவுக்கு ஆளானோருக்கான அவசர மருத்துவமனைக்கு வந்த 298 பெண்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். அவர்களுள் பத்தில் எழுவர் அந்நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோனதாகக் கூறினர். கத்தாமல் இருந்தது அவர்கள் விருப்பமன்று. நரம்பு மண்டலத்தின் செயல்.

சட்டம் இதை நம் பழமொழியைவிடத் தெளிவாக உணர்ந்திருக்கிறது. நீதிபதி வர்மா குழு 2013 சனவரியில் அறிக்கை தந்த பின் அவ்வாண்டே திருத்தப்பட்ட குற்றவியல் சட்டப்படி, இசைவு என்பது சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிக்கப்பட்ட, தானே விரும்பிய உடன்பாடு. உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணம் கொண்டு அவள் இசைந்தாள் எனக் கொள்ளலாகாது. 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் இது அப்படியே தொடர்கிறது. நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்? கத்தவில்லையே என்று மூன்று வாரம் தன்னையே நொந்துகொண்ட பெண்ணுக்கு இதைத் தமிழில் சொல்லியிருந்தால், முதல் நாளே அவள் நிமிர்ந்திருப்பாள். அவனுக்கும் இதைச் சொல்லியிருந்தால் என்று எண்ணும்போதுதான் எனக்கு உண்மையான வருத்தம் தோன்றுகிறது.

எனில், எந்தக் கல்வி பயன் தரும்? கனடாவில் நடந்த ஓர் ஆய்வை நம் மாணாக்கர் அனைவரும் அறிய வேண்டும். சார்லின் சென் என்னும் உளவியல் பேராசிரியை தம் குழுவினரோடு மூன்று பல்கலைக் கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரைச் சேர்த்தார். மருந்துகளைச் சோதிப்பது போலவே, குலுக்கல் முறையில் அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். 451 பேருக்குப் பயிற்சி: ஒவ்வொன்றும் மூன்று மணி நேரமாக நான்கு அமர்வுகள். எஞ்சிய 442 பேருக்கு, பல்கலைக் கழகங்களில் வழக்கமாகத் தருவது போல, துண்டறிக்கைகள். ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, துண்டறிக்கை பெற்றவர்களில் நூற்றுக்கு 9.8 பேர் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தனர். பயிற்சி பெற்றவர்களில் 5.2 பேர். வல்லுறவு முயற்சிக்கு ஆளானோர் முறையே 9.3, 3.4. இம்முடிவு 2015இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது.

இந்த எண்களைவிட என்னை உறுத்தியது வேறு. மருந்துச் சோதனையில் ஒரு சாராருக்கு மருந்தும் மறுசாராருக்குச் சர்க்கரை மாத்திரையும் தருவார்கள் அல்லவா? அந்த ஆய்வில் துண்டறிக்கைதான் சர்க்கரை மாத்திரை. நமக்கு மருந்து என்று சொல்லி ஆண்டுதோறும் தரப்படுவது அதுவே.

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் என்ன கற்பித்தார்கள்? இருட்டைப் பற்றி அன்று. தெரிந்த ஆண்களோடு இருக்கும்போது எந்த நடத்தை ஆபத்தின் முன்னடையாளம் என்று கணித்தல். ‘சேச்சே, அவர் அப்படிப்பட்டவர் அல்லர்’ என்று மனம் தானே தடுக்கும்போது அத்தடையைக் கடந்து ஆபத்தை ஆபத்தென ஒப்புக்கொள்ளுதல். பின்பு சொல்லாலும் உடலாலும் எதிர்த்தல். இதைக் கேட்டு மட்டும் போகாமல் செய்து பழகினார்கள். இறுதி அமர்வு, தனக்கு எது விருப்பம், எது விருப்பமில்லை என்று தானே தெளிவது பற்றியது. நம் பெண்களில் பலருக்கு இதுவே மிகக் கடினமான பாடமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லும் பயிற்சியை நாம் பரிமாறுகிற இடத்தில்கூடப் பெற்றதில்லை; மூன்றாவது தடவை மறுத்த பிறகும் இலையில் சோறு விழுகிறதே!

‘பெண்ணுக்குப் பயிற்சி என்றால் பழியும் அவள் தலையில்தானே விழும்?’ என்று கேட்கும் தோழியர் உண்டு. நியாயமான கேள்வி. குற்றத்துக்குப் பொறுப்பு குற்றம் செய்தவனுக்கே. அதில் பங்கு கேட்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ‘ஒன்பது மணிக்கு மேல் நூலகத்துக்குப் போகாதே’ என்பதும் இப்பயிற்சியும் ஒன்றல்ல. முன்னது அவள் உலகைச் சுருக்குகிறது. பின்னது அவளை நூலகத்துக்குப் போகவிட்டு, அவள் கையில் ஒரு திறனையும் தருகிறது. எனினும் அக்கேள்வியின் மற்றொரு பாதிக்கு விடை சொல்லியே தீர வேண்டும். பயிற்சி பெற்ற ஒருத்தி தப்பினாள். அவன் பயிற்சி பெறாத மற்றொருத்தியிடம் போனான் என்றால் என்ன ஆயிற்று? ஆதலின் ஆண்களை விட்டுவிட்டு இக்கல்வி முழுமை பெறாது.

ஆண்களிடத்தில் இத்தகைய கல்வி வேலை செய்யுமா என்பதற்குத் தொலைவில் போக வேண்டுவதில்லை. இங்கிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய அரியானாவில் சான்று இருக்கிறது. 2014 முதல் இரண்டரை ஆண்டுக் காலம் ‘பிரேக்த்ரூ’ என்னும் அமைப்பினர் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, முக்கால் மணி நேர அமர்வுகளாக, ஆண் பெண் சமத்துவம் பற்றிப் பிள்ளைகளைப் பேச வைத்தனர். திவா தர், தருண் ஜெயின், சீமா ஜெயச்சந்திரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 314 பள்ளிகளை ஒப்பிட்டு இதன் பயனை ஆராய்ந்தனர். மாணாக்கரின் கருத்து மாறியது. ஆண் பிள்ளைகள் வீட்டு வேலையில் கூடுதலாகப் பங்கு கொள்வதாகக் கூறினர். திட்டம் முடிந்து இரண்டு ஆண்டு கழிந்தும் மாற்றம் நிலைத்தது. பாலியல் வன்கொடுமை குறைந்ததா என்பதை இந்த ஆய்வு அளக்கவில்லை. அதை அளந்ததாக யாரேனும் மேடையில் முழங்கினால் நம்ப வேண்டாம். ஆனால் ‘இந்தப் பையன்களைத் திருத்த முடியாது’ என்று கையை விரிப்பவர்களுக்கு இது போதிய மறுமொழி.

வன்கொடுமையையே அளந்த ஆய்வு அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் நடந்தது. 26 உயர்நிலைப் பள்ளிகள், ஐந்து ஆண்டுகள், 2017இல் வெளியீடு. ‘கிரீன் டாட்’ என்று அத்திட்டத்துக்குப் பெயர். இது மாணவனைக் குற்றவாளியாகக் கருதிப் பேசுவதில்லை. அருகில் இருந்து பார்ப்பவனாக வைத்துப் பேசுகிறது. ஏதோ தவறு நடக்கப் போகிறது என்று தோன்றினால் நேரே தலையிடலாம். அஞ்சினால் கவனத்தைத் திருப்பலாம். அதுவும் இயலாவிட்டால் வேறொருவரை அழைக்கலாம். பயிற்சி நடந்த பள்ளிகளில் மூன்றாம் ஆண்டிலிருந்து பாலியல் வன்முறை மற்றப் பள்ளிகளைவிடக் குறைந்து காணப்பட்டது. மூன்றாம் ஆண்டிலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பண்பை மாற்ற முயலும் நம் அவசரத்துக்கு இது நல்ல பாடம்.

இந்த முறை நம் சங்கத்துக்கு மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம். விழா நாளில் அறுபது பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவன் ஒருத்தியைத் தனியே பிரித்து அழைத்துச் செல்வதைக் குறைந்தது ஐந்து பேராவது பார்த்திருப்பார்கள். ஐவருக்கும் உள்ளூர ஏதோ இடறும். ‘நமக்கேன் வம்பு’ என்று ஐவரும் பந்திக்குப் போய்விடுவார்கள். சண்டையா போட வேண்டும்? “அண்ணா, மைக் செட்காரர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார், உடனே வாருங்கள்” என்று ஒருவன் குரல் கொடுத்தால் போதும். இத்தகைய ஒரு வாக்கியத்தை முன்கூட்டிச் சொல்லிப் பழகியிருந்தால், வேண்டிய நேரத்தில் அது நாவில் வரும். பழகாவிட்டால் வராது.

இடமும் பாடத்தின் பகுதியே. நியூயார்க் நகர நடுநிலைப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில், வகுப்பறைப் பாடம் மட்டும் நடத்திய பள்ளிகளில் பயன் தெரியவில்லை. பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தில் தங்களுக்கு அச்சம் தரும் மூலைகளை மாணாக்கரே குறித்துக் காட்ட, அங்கே ஆசிரியர்களை நிறுத்திய பள்ளிகளில் தொல்லை குறைந்தது. நம் வளாகத்துக்கு அப்படி ஒரு படம் வரைந்தால் நூலகத்தின் பின்வாசலிலிருந்து மாணவியர் விடுதி வரையுள்ள விளக்கில்லாத பாதை ஒரு புள்ளி. நாம் ஒத்திகை நடத்தும் மாடியறை மற்றொரு புள்ளி. நள்ளிரவு வரை தனியே நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவியின் கூடமும் ஒரு புள்ளி. பரிந்துரைக் கடிதம் யார் கையில் இருக்கிறதோ அவரே கதவின் சாவியையும் வைத்திருக்கும் இடம் அது.

இனிச் சட்டம். இராசத்தானில் குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் வன்கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவியை முன்னிட்டுத் தொடங்கிய விசாகா வழக்கில், உச்ச நீதிமன்றம் 1997இல் நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் தனிச் சட்டம் வந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் 2016இல் அறிவிக்கப்பட்டன. அவ்விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருத்தல் வேண்டும்; மாணாக்கர் தொடர்பான புகார் எனில், தேர்தல் மூலம் தெரிவான மாணாக்கர் மூவர் அதில் இடம்பெறல் வேண்டும். பயிற்சிகள் நடத்துவதும் நிறுவனத்தின் கடமை. இந்நகரில் சவகர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் 1999இல் தோன்றி 2017 வரை இயங்கிய ‘ஜிஎஸ்கேஷ்’ குழு, தெரிவு செய்யப்பட்ட மாணாக்கரைக் கொண்டிருந்தது. புகார் வந்த பின் விசாரிப்பதோடு நில்லாமல், உணர்வூட்டுதலையும் தன் பெயரிலேயே முதற் பணியாக வைத்திருந்தது. நம் பல்கலைக் கழகக் குழுவில் இன்று யார் யார் உறுப்பினர் என்று நம் சங்கத்தார் இருபது பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

அவ்விதிகளில் காலவரம்பு ஒன்று உண்டு. நிகழ்ச்சி நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்து மூலம் தரப்பட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். (காவல் நிலையத்துக்கு இந்த மூன்று மாத வரம்பு கிடையாது.) நான் மேலே சொன்ன பெண்ணின் கதையில் மூன்று வாரம் அவள் மௌனத்தில் போயிற்று. பின்பு அச்சங்கத்துப் பெரியவர்கள் இருவர் வந்தனர். “நம்ம பையன்தானே, பேசி முடித்துக்கொள்ளலாம். இந்த ஊர்க்காரன் முன்னால் நம் பெயர் கெட வேண்டுமா?” என்றனர். தேர்வு முடியட்டும் என்றனர். விடுமுறை முடியட்டும் என்றனர். அவன் மன்னிப்புக் கேட்பான் என்றனர். இதில் இரண்டு மாதமும் சில நாட்களும் கழிந்தன. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் புகாரும் கொடுக்கவில்லை. நாடகத்தை விட்டாள், சங்கத்தை விட்டாள். தமிழில் பேச ஆளின்றி இரண்டாண்டுப் படிப்பை முடிக்க முயன்றுகொண்டிருக்கிறாள். சங்கத்தின் பெயர் கெடவில்லை. நம் சங்கத்தில் இவ்வாறு நடக்காது என்று சொல்பவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

‘பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது?’ என்று இந்தக் கட்டுரையின் முதற்படியைப் படித்த நண்பர் ஒருவர் கேட்டார். உண்மையையும் பொய்யையும் பிரிக்க விசாரணைக் குழு இருக்கிறது. இரு தரப்பையும் அது கேட்கிறது. அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு மட்டும் நம் ஆண் நண்பர்களுக்கு எப்போதும் சொற்கள் கிடைத்துவிடுகின்றன.

பல்கலைக் கழகம் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. வரும் ஆகஸ்டில் புதிய மாணாக்கர் வந்ததும் நான்கு சனிக்கிழமைகள், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், பதினைந்து பேருக்கு மிகாத குழுக்களாக நாமே இதை நடத்தலாம். மேடையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் முதல் மூன்று நாள். நான்காம் நாள் இரு சாராரும் சேர்ந்து. முழுவதும் தமிழில். இந்நகரில் தமிழ் பேசும் மருத்துவர், வழக்கறிஞர், மனநல ஆலோசகர் பலர் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள் என்றே நம்புகிறேன். பொங்கல் விழாவுக்கு மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் நாம் தரும் தொகையில் கால்வாசிகூட இதற்கு ஆகாது. கலந்துகொள்ளாத மூத்த மாணவர் எவரும் ரயில் நிலையத்துக்கு வரவேற்கச் செல்லக் கூடாது. ஒத்திகைகளும் இரவு எட்டரைக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் மாணவியர் இருவர் மூவராகவே விடுதி திரும்ப வேண்டும், அவர்களுக்கு ஆட்டோச் செலவு சங்கத்தினுடையது.

இவற்றோடு, உள்ளகக் குழு உறுப்பினர் பெயர்களும் தொடர்பு எண்களும் சங்க அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். இத்தகைய புகார் எதிலும் சங்கப் பொறுப்பாளர் எவரும் ‘பேசி முடிக்க’ முனையக் கூடாது. பாதிக்கப்பட்டவள் விரும்பினால் அவளோடு குழுவின் முன் போய் நிற்பது ஒன்றே அவர்கள் வேலை என்று சங்க விதியில் சேர்க்கப்பட வேண்டும். இதைத் தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் அது வாசிக்கப்படும். முன்மொழிபவள் நான். வழிமொழிய ஒருவர் வேண்டும். அவர் ஆண்களுள் ஒருவராக இருந்தால் நல்லது.